வார்டில் தூக்கமில்லாத இரவுகள்: வைரஸ் காய்ச்சலிலிருந்து உடல் மீள்வதை அவை தாமதப்படுத்துமா?

கேள்வி: திருச்சியிலிருந்து ஒரு மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 67. இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸால் வந்த நிமோனியா என்று உறுதிசெய்யப்பட்டு, ஐந்து நாட்களாக ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் இருக்கிறார். மூக்கில் பொருத்திய குழாய் வழியாக நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கிறது. பகலில் பார்க்கும்போது ஆக்சிஜன் அளவு 94, 95 என்று நிற்கிறது. வைரஸை எதிர்க்கும் ஓசெல்டமிவிர் மாத்திரை காலையும் இரவும் கொடுக்கிறார்கள். அவருக்குப் பல வருடங்களாக ஆஸ்துமா உண்டு. இந்தக் காய்ச்சலோடு இழுப்பும் சேர்ந்துகொண்டதால், காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் ஸ்டீராய்டு ஊசியும், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நெபுலைசரும் எழுதியிருக்கிறார்கள்.

காய்ச்சல் நேற்று முன்தினத்திலிருந்து குறைந்துவிட்டது. ஆனால் அம்மா தூங்குவதே இல்லை. நான்தான் இரவில் உடன் இருக்கிறேன் என்பதால் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்: இரவு முழுவதும் சேர்த்து இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கண் மூடுவதில்லை, அதுவும் இருபது நிமிடம், அரை மணி என்று துண்டு துண்டாக. பத்து மணிக்கு ஊசியும் டிரிப்ஸும், பன்னிரண்டு மணிக்கு பி.பி., இரண்டு மணிக்கு நெபுலைசர், நான்கு மணிக்கு இரத்தம் எடுப்பது, ஐந்து மணிக்கு எல்லா விளக்குகளையும் போட்டுத் தரை துடைப்பது. இடையில் டிரிப்ஸ் ஏறியதால் சிறுநீர் கழிக்க மூன்று முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் உறவினர் நள்ளிரவு வரை கைப்பேசியில் சத்தமாக வீடியோ பார்க்கிறார்.

நேற்று வந்த இரத்தப் பரிசோதனையில் மொத்த வெள்ளையணுக்கள் 5,400, அவற்றின் வகைகளில் நியூட்ரோஃபில் 84 சதவீதம், லிம்போசைட் 12 சதவீதம். லிம்போசைட் குறைவாக இருப்பது வைரஸ் காய்ச்சலில் வழக்கம்தான், மெல்ல ஏறும் என்று ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் சொன்னார். தூக்கம் கெட்டால் இந்த அணுக்கள் ஏறுவது தாமதமாகும் என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை. இது உண்மைதானா? உண்மையானால் நான் என்ன செய்யலாம்? அப்பா தூக்கத்துக்காகப் பல காலமாக அல்பிரசோலம் மாத்திரை போட்டுக்கொள்கிறார். அதில் பாதியை அம்மாவுக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று மாமா சொல்கிறார். அந்த யோசனை எனக்குப் பயமாக இருப்பதால் கொடுக்காமல் இங்கே கேட்கிறேன்.

பதில் 1: நுரையீரல் மருத்துவர், மதுரை

சகோதரி, முதலில் அந்த மாத்திரையைப் பற்றி. தயவுசெய்து கொடுக்காதீர்கள். அல்பிரசோலம் உள்ளிட்ட பென்சோடயசெபைன் வகை மருந்துகள் மூச்சுவிடும் தூண்டுதலை மந்தப்படுத்தக் கூடியவை. நிமோனியாவும் இழுப்பும் சேர்ந்திருக்கும் ஒருவர் சற்று வேகமாகவும் சிரமப்பட்டும் மூச்சு விடுவதால்தான் அவருடைய ஆக்சிஜனும் கரியமில வாயுவும் ஓரளவு சமநிலையில் இருக்கின்றன. அந்த முயற்சியை ஒரு மாத்திரை தளர்த்திவிட்டால், நன்றாகத் தூங்குகிறார் என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் அவர் கரியமில வாயு தேங்கி மயக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அதற்கு மேல், அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு இம்மருந்துகள் மனக்குழப்பத்தையும், இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழும் ஆபத்தையும் கூட்டுகின்றன. உங்கள் பயம் சரியானது.

இரண்டாவதாக, தூக்கம் வரவில்லை என்று பெயர் வைப்பதற்கு முன் அவர் ஏன் விழித்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். பகலில் 94 இருக்கும் ஆக்சிஜன், கண்ணயர்ந்ததும் 88க்கு இறங்கினால் மூளையே அவரை எழுப்பிவிடும். ஆகவே இன்றிரவு அவர் தூங்கும் சமயத்தில், இரண்டு மூன்று முறை, விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டி அளவைக் குறித்து வையுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் தேவலை என்கிறாரா என்றும் கேளுங்கள். அவர் சாதாரண நாட்களில் பலமாகக் குறட்டை விடுபவரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில், முன்பே தூக்கப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர்களின் பதிவுகளைக் கோவிட் காலத்தில் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். தூக்கத்தின்போது ஆக்சிஜன் குறைகிறவர்களிடம், மருத்துவமனையில் சேர வேண்டி வருவதும் இறப்பும் 31 சதவீதம் அதிகமாக இருந்தன. தூக்கத்தில் மூச்சு எத்தனை முறை தடைபடுகிறது என்ற எண்ணிக்கையைவிட, ஆக்சிஜன் எவ்வளவு நேரம் தாழ்ந்து கிடக்கிறது என்பதே அந்த ஆய்வில் பொருட்படுத்தத்தக்கதாகத் தெரிந்தது.

மூன்றாவது, குழப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்று என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்னோக்கிக் கிழமைகளைச் சொல்லச் சொல்லுங்கள். பகலில் மந்தமாகக் கிடந்து, இரவில் தவிப்பும் பேச்சில் தடுமாற்றமும் இருந்தால், அது வெறும் தூக்கமின்மை அல்ல. டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். அதைக் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் உடனே சொல்லிவிட வேண்டும்.

இப்போது நீங்கள் படித்த செய்திக்கு வருகிறேன். அது பெரும்பாலும் 2020இல் வுகான் நகரில் கோவிட் உள்நோயாளிகளிடம் நடந்த ஆய்வைப் பற்றியதாக இருக்கும். லிம்போசைட் குறைந்திருந்த 135 பேரை, நன்றாகத் தூங்கிய 60 பேர், சரியாகத் தூங்காத 75 பேர் என்று கேள்வித்தாள்களின் மூலம் பிரித்துப் பார்த்தார்கள். சரியாகத் தூங்காதவர்களுக்கு லிம்போசைட் மீண்டும் ஏறுவது தாமதமானது. நியூட்ரோஃபிலுக்கும் லிம்போசைட்டுக்கும் உள்ள விகிதம் மோசமடைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டிய தேவையும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. கவனிக்கத்தக்க ஆய்வுதான். ஆனால் இது பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு. நோய் முற்றிக்கொண்டிருந்தவர்கள் அதனாலேயே தூங்க முடியாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் தூக்கக் கேடு காரணமாக இல்லாமல், வரப்போகும் சிக்கலின் முன்னறிகுறியாகவே இருந்திருக்கும். இரண்டும் ஒரே நோயாளியிடம் சேர்ந்தே நிகழ்வதற்கும் வாய்ப்பு உண்டு.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 5,400இல் 12 சதவீதம் என்றால் லிம்போசைட்டின் எண்ணிக்கை 648. பெரியவர்களுக்கு இது 1,000க்கு மேல் இருக்க வேண்டும். இந்தக் குறைவுக்கு வைரஸ் ஒரு காரணம் என்றால், ஸ்டீராய்டு இன்னொரு காரணம். ஸ்டீராய்டு கொடுத்த சில மணி நேரத்திலேயே லிம்போசைட்டுகள் இரத்த ஓட்டத்திலிருந்து ஒதுங்கும், நியூட்ரோஃபில் உயரும், அதே மருந்து தூக்கத்தையும் விரட்டும். ஆக, தூக்கமும் கெட்டு எண்ணிக்கையும் கெட்டிருப்பதைப் பார்த்து ஒன்றினால் மற்றொன்று என்று முடிவுகட்டினால், இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது காரணத்தைத் தவறவிட்டுவிடுவோம். இரவு 10 மணி ஊசியைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். கோவிட் சிகிச்சையில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் பயனை நிறுவிய, பிரிட்டனின் ‘ரிகவரி’ என்ற ஆய்வில், ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம் ஒரே வேளையாகத்தான் கொடுத்தார்கள். உங்கள் அம்மாவுக்குக் கொடுக்கப்படும் மருந்து வேறாக இருக்கலாம், இழுப்பின் தீவிரத்தால் இரண்டு வேளை தேவைப்படலாம். அப்படியே இருந்தாலும் இரண்டாவது வேளையை மாலை நான்கு மணிக்கு நகர்த்த முடியுமா என்று கேட்பதில் தவறே இல்லை. நீங்களாக எந்த ஊசியையும் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பதில் 2: நோயெதிர்ப்பியல் ஆய்வாளர், சென்னை

மருத்துவர் ஐயா காரணகாரியத்தைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கையை முழுமையாக ஏற்கிறேன். உள்நோயாளிகளிடம் பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. ஆனால் ஆரோக்கியமானவர்களைக் கொண்டு, தூக்கத்தை மட்டும் மாற்றியோ, தொற்றுக்கு முன்பே அளந்தோ செய்த சோதனைகள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெளிவாகும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னகி மெல்லன் பல்கலைக்கழகக் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 21 முதல் 55 வயது வரையிலான 153 ஆரோக்கியமான ஆண் பெண்களிடம் இரண்டு வாரம் தினமும் தூக்கத்தைப் பற்றிக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு அவர்களுடைய மூக்கில் சளிக் காய்ச்சல் உண்டாக்கும் ரைனோவைரஸைச் சொட்டு மருந்துபோல விட்டார்கள். ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் எண். படுக்கையில் கிடக்கும் நேரத்தில் எத்தனை சதவீதம் உண்மையில் தூங்குகிறோம் என்பதைத் தூக்கத் திறன் என்று வைத்துக்கொண்டால், அது 92 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு, 98 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தவர்களைவிட ஐந்தரை மடங்கு வாய்ப்பு இருந்தது. துண்டு துண்டான தூக்கம் எவ்வளவு மோசமானது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. வார்டில் உங்கள் அம்மாவுக்கு நடப்பதும் அதுதான்.

தடுப்பூசியை வைத்துச் செய்த சோதனைகள் மீட்சிக்கு இன்னும் நெருக்கமானவை. ஏனென்றால் தடுப்பூசி போட்ட உடல், தொற்றை எதிர்கொண்ட உடலைப் போலவே புதிய எதிர்ப்பொருட்களை உருவாக்க வேண்டும். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இளம் வயதினரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, அந்த நாட்களுக்கிடையே இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி போட்டார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது அவர்களுடைய எதிர்ப்பொருள் அளவு, வழக்கம்போலத் தூங்கியவர்களின் அளவில் பாதிகூட இல்லை. ஆனால், இதை நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டும், மூன்று நான்கு வாரங்களுக்குள் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. இடையில் அவர்கள் நன்றாகத் தூங்க விடப்பட்டிருந்தார்கள். ஐந்து இரவுகள் கெட்டுப்போனதால் ஈடுசெய்ய முடியாத எதுவோ நடந்துவிட்டது என்று நீங்கள் கலங்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஜெர்மனியின் டூபிங்கன் குழுவினர் 2019இல் அழகாகக் காட்டினார்கள். வைரஸ் புகுந்த ஓர் உயிரணுவை அழிக்க வேண்டிய டி-செல் (லிம்போசைட்டில் ஒரு வகை), முதலில் அதன் மேல் உறுதியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். இன்டெக்ரின் என்ற புரதங்கள் அதற்குப் பசையாக உதவுகின்றன. அட்ரினலின், நார் அட்ரினலின், சில ப்ரோஸ்டாகிளாண்டின்கள் ஆகியவை இந்தப் பசையை மட்டுப்படுத்துகின்றன. தூக்கத்தில் அட்ரினலின் போன்றவை குறைவதால் பசை வலுப்பெறுகிறது. தூங்கவிட்டுச் சோதித்த அதே ஆட்களை இன்னோர் இரவு முழுவதும் விழித்திருக்க வைத்தபோது டி-செல்களின் ஒட்டும் திறன் குறைந்தது. தூங்கத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தின் ஆழ்ந்த தூக்கத்தில் கார்டிசால் மிகக் குறைவாகவும், வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகவும் இருப்பதும் இதற்குத் துணைநிற்கிறது. முன்னிரவுத் தூக்கத்தைக் கலைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பு என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. லிம்போசைட்டுகள் நாளின் நேரத்துக்கு ஏற்ப இரத்தத்துக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் இடையே போய்வருபவை. தூங்கும்போது இரத்தத்தில் அவை குறைவதுகூட, கணுக்களுக்குச் சென்று வேலை செய்வதாலேயே என்று கருதப்படுகிறது. ஆகவே ஒரு நாள் நான்கு மணிக்கு எடுத்த இரத்தத்தையும் மறுநாள் பதினொரு மணிக்கு எடுத்ததையும் ஒப்பிட்டு மனம் வருந்தாதீர்கள். ஒரே நேரத்தில் எடுத்தவற்றை, மூன்று நான்கு நாள் சேர்த்துப் பாருங்கள்.

பதில் 3: வார்டு செவிலியர், 22 ஆண்டுகள்

மேலே இருவரும் எழுதியதை ஆவலோடு படித்தேன். இரவுப் பணியில் இருக்கும் எங்களுக்கு இந்த வருத்தம் எப்போதும் உண்டு. தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு வயதான அம்மாவைத் தட்டி எழுப்பி பி.பி. பட்டையைக் கட்டும்போது, இது இப்போது உண்மையிலேயே தேவைதானா என்று எனக்கே பலமுறை தோன்றியிருக்கிறது.

நெதர்லாந்தில் 2017ஆம் ஆண்டு ஒரே ஓர் இரவில், 39 மருத்துவமனைகளில் 2,005 நோயாளிகளிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தார்கள். வீட்டில் தூங்குவதைவிட மருத்துவமனையில் 83 நிமிடம் குறைவாகத் தூங்குகிறார்கள், 44 நிமிடம் முன்னதாக விழித்துவிடுகிறார்கள் என்று தெரிந்தது. பத்தில் ஏழு பேரை ஏதோ ஒரு வெளிக் காரணம் எழுப்பியிருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களை எழுப்பியவர்கள் மருத்துவமனை ஊழியர்களாகிய நாங்களே. அந்த நாட்டு வார்டுகளிலேயே இப்படியென்றால் நம்முடைய நிலைமையை நான் விளக்க வேண்டியதில்லை. இரவில் வார்டுக்குள் சராசரியாக 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அது ஏறக்குறைய கிசுகிசுப்பின் அளவு. ஒரு ஸ்டீல் டம்ளர் தரையில் விழுந்தாலே அந்த அளவு எங்கோ போய்விடுகிறது.

நீங்கள் செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன். காலையில் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவரிடம், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை அம்மாவைத் தொடாமல் விட முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் நிலையாக இருக்கிறார் என்று மருத்துவர் கருதினால், பன்னிரண்டு மணி பி.பி.யைப் பத்து மணி ஊசியோடும், நான்கு மணி இரத்தத்தை ஆறு மணியோடும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதிவிடுவார். அப்படி எழுதியிருந்தால்தான் நாங்கள் விட முடியும். எழுதாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு இரவுப் பணியில் இருக்கும் சிஸ்டருடையதாகிவிடும் என்பதை நீங்களும் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மணி நெபுலைசரை, மூச்சு இழுப்பு இருந்தால் மட்டும் கொடுப்பது என்று மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். அதில் உள்ள சால்பியூட்டமால் கைநடுக்கத்தையும் படபடப்பையும் தரும். அதைப் போட்ட பிறகு அரை மணி நேரமாவது தூக்கம் வராது. டிரிப்ஸ் இன்னும் தேவையா, வாய்வழியாகவே தண்ணீரும் கஞ்சியும் போதுமா என்று கேட்டால், அந்த மூன்று முறை கழிப்பறை நடையும் குறையலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதே யோசனையை டெங்கு நோயாளிக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் தணியும் நாட்களில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பி.பி. சரியும் ஆபத்து வருகிறது. எச்சரிக்கை அறிகுறிகள் தோன்றியவர்களை, அந்தக் கட்டம் தாண்டும்வரை ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். அங்கே நோயாளி நிம்மதியாகத் தூங்குகிறார் என்று விட்டுவைத்த ஓர் இரவு உயிரையே கேட்டுவிடலாம்.

மற்றபடி, தலைமாட்டை முப்பது நாற்பது டிகிரி உயர்த்தி வையுங்கள், இருமல் குறையும். ஆக்சிஜன் காற்றால் மூக்கு வறண்டு எரிச்சல் வந்தாலும் தூக்கம் கெடும். ஈரப்பதக் குப்பியில் தண்ணீர் இருக்கிறதா என்று சிஸ்டரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். காதில் பஞ்சும், கண்மேல் மடித்த பருத்தித் துணியும் எந்தச் செலவும் இல்லாதவை. பஞ்சைக் காதுக்குள் ஆழமாகத் திணிக்காமல், வெளியே எடுக்க வரும்படி வைத்தால் போதும். பக்கத்துக் கட்டிலின் கைப்பேசியைப் பற்றி நீங்களே பேசிச் சண்டையாக வேண்டாம். பொறுப்புச் சிஸ்டரிடம் சொல்லுங்கள், பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாக அவரே அறிவித்துவிடுவார்.

கேள்வி கேட்டவர்

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. மாத்திரையை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்து, ஏன் கூடாது என்பதையும் மாமாவிடம் சொல்லிவிட்டேன். கிழமைகளைப் பின்னோக்கி அம்மா சரியாகச் சொல்கிறார். ஊரும் தேதியும் நினைவில் இருக்கின்றன. நேற்றிரவு தூக்கத்தில் மூன்று முறை ஆக்சிஜன் பார்த்தேன்: 92, 93, 91. இன்னொரு சந்தேகம். பகலில் சாப்பிட்ட பிறகு அம்மா அசந்து தூங்குகிறார். பகலில் தூங்கவிட்டால் இரவில் தூக்கம் வராது என்று உறவினர்கள் எழுப்பி உட்காரவைத்துப் பேசுகிறார்கள். எழுப்புவது சரியா?

பதில் 4: நுரையீரல் மருத்துவர், மதுரை

91 என்ற அளவை அப்படியே எழுதிக் காட்டுங்கள். இரவில் மட்டும் ஆக்சிஜனைச் சற்றுக் கூட்ட வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். நீங்கள் குமிழைத் திருப்ப வேண்டாம்.

பகல் தூக்கத்தைப் பற்றி என் கருத்து, காய்ச்சலின் முதல் சில நாட்களில் எழுப்பக் கூடாது என்பதே. தொற்றை எதிர்க்கும்போது உடல் வெளியிடும் இன்டர்லூக்கின் 1, டி.என்.எஃப். போன்ற பொருட்களே மூளையில் ஆழ்ந்த தூக்கத்தைத் தூண்டுகின்றன. கனவு வரும் தூக்கக் கட்டத்தில் உடல் நடுங்க முடியாது, வெப்பத்தை உயர்த்திப் பிடிக்கவும் முடியாது. காய்ச்சலில் அந்தக் கட்டம் குறைந்து மற்ற தூக்கம் கூடுவது, உடல் தன் வெப்பத்தைத் தக்கவைத்துக்கொள்வதற்கான ஏற்பாடாகவே தெரிகிறது. காய்ச்சல்காரர் அசந்து தூங்கினால் எழுப்பாதே என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொன்னதில் நியாயம் இருந்திருக்கிறது.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இனி மெல்ல பகலையும் இரவையும் பிரித்துக் காட்ட வேண்டும். காலையில் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் படும்படி ஒரு மணி நேரம் உட்காரட்டும். சாப்பிட்ட பின் முக்கால் மணி நேரம் தூங்கட்டும். மாலை நான்கு மணிக்கு மேல் விழித்திருக்கட்டும். உறவினர்கள் வருவதானால் அந்த மாலை நேரத்தில் வரச் சொல்லுங்கள், அதுவும் முகக்கவசத்தோடு.

பதில் 5: பொதுமருத்துவ முதுகலை மாணவர், கோயம்புத்தூர்

ஒரு மாற்றுக் கருத்தைப் பணிவோடு வைக்கிறேன். இரவு அளவீடுகளைக் குறைப்பது பாதுகாப்பானது என்பதற்குச் சான்று உண்டு. அதனால் நோயே சீக்கிரம் குணமாகும் என்பதற்கு இதுவரை அவ்வளவு வலுவான சான்று இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில், எந்த நோயாளியை இரவில் எழுப்பாமல் விடலாம் என்று மருத்துவருக்குக் கணினி நினைவூட்டும் முறையைக் குலுக்கல் முறையில் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். இரவு அளவீடுகள் குறைந்தன. தீவிர சிகிச்சைக்கு மாற்றப்படுவதோ, அவசர மீட்பு அழைப்புகளோ கூடவில்லை. ஆனால் மனக்குழப்பம் வருவதும் குறையவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்த ஆய்வுகளிலும், விழிப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கோ அதற்கும் குறைவானவற்றுக்கோதான் சத்தம் நேரடிக் காரணமாக இருந்தது. நோயும் மருந்தும் வலியும் மீதியைச் செய்கின்றன.

சத்தத்தைக் குறைப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. தூக்கம் ஒரு துணைதான். ஓசெல்டமிவிர் ஐந்து நாள் முழுமையாகப் போகிறதா, இரண்டாவது பாக்டீரியா தொற்று சேர்ந்துகொள்கிறதா, சர்க்கரை ஸ்டீராய்டால் ஏறுகிறதா என்பவையே முதலில் பார்க்க வேண்டியவை. இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்ததற்கு டிரிப்ஸோடு சர்க்கரை உயர்வும் காரணமாக இருக்கலாம் என்பதை, மேலே யாரும் சொல்லாததால் சேர்க்கிறேன்.

பதில் 6: வார்டு செவிலியர், 22 ஆண்டுகள்

தம்பி சொன்ன சர்க்கரை விஷயம் மிகவும் சரி, எனக்கு அது தோன்றாமல் போய்விட்டது. ஆனால் தூக்கத்தின் பயனை அளக்க நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்பது என் எண்ணம். தூங்கி எழுந்த நோயாளி காலையில் இரண்டு இட்லி கூடச் சாப்பிடுகிறார், மூச்சுப் பயிற்சிக் கருவியை ஊதச் சொன்னால் ஊதுகிறார், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நடக்கிறார், சளியை இருமி வெளியே துப்புகிறார். தூங்காதவர் இவற்றில் எதையும் செய்ய மறுத்துப் படுத்தே கிடக்கிறார். நுரையீரல் தெளிவதற்கு இவையெல்லாம் வேண்டும்.

கேள்வி கேட்டவர், மூன்று நாட்கள் கழித்து

தெரிவிக்க வேண்டியது என் கடமை என்பதால் எழுதுகிறேன். மருத்துவரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோய்க் கேட்டேன். பொறுமையாகப் படித்தார். ஸ்டீராய்டின் இரண்டாவது வேளையை மாலை நான்கு மணிக்கு மாற்றி, மறுநாள் அதை முழுவதுமே நிறுத்திவிட்டுக் காலை வேளை மட்டும் வைத்தார். இரவு டிரிப்ஸ் நின்றது. சர்க்கரை பார்த்ததில் 286 இருந்தது. அதற்கு இன்சுலின் தொடங்கிய பிறகு கழிப்பறைக்குப் போவது இரவில் ஒரு முறையாகக் குறைந்துவிட்டது. தூங்கும் நேரத்தில் மட்டும் ஆக்சிஜனை 3 லிட்டராக வைத்தார்கள். இரத்தம் ஆறு மணிக்கு எடுக்கிறார்கள். ஐந்து மணிக்குத் தரை துடைப்பதை மாற்ற முடியவில்லை. அம்மாவின் கண்மேல் துணி போட்டுவிடுகிறேன்.

முதல் இரவு பெரிய மாற்றம் இல்லை. இரண்டாம் இரவு பதினொன்றரை மணியிலிருந்து மூன்று மணி வரை ஒரே மூச்சாகத் தூங்கினார். நேற்று ஐந்து மணி நேரம். இன்று காலை மொத்த வெள்ளையணுக்கள் 6,200, லிம்போசைட் 20 சதவீதம். கணக்கிட்டால் 1,240 வருகிறது. ஸ்டீராய்டைக் குறைத்ததும், நோய் தன் போக்கில் தணிந்ததும், தூக்கமும் இதில் எவ்வளவு எவ்வளவு பங்கு வகித்தன என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னார். மதுரை மருத்துவர் ஐயா முன்பே விளக்கியிருந்ததால் அது எனக்குப் புரிந்தது. பகலில் ஆக்சிஜன் இல்லாமலே 95 நிற்கிறது. நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். வீட்டிலும் இரவு ஆக்சிஜன் அளவைப் பார்த்துவரச் சொன்னார்கள். அம்மா எப்போதும் பலமாகக் குறட்டை விடுபவர் என்பதால், உடம்பு தேறிய பிறகு ஒரு தூக்கப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.